நிலைத்தன்மை அறிக்கைகளில் படங்கள்: நெய்வேலியை முன்வைத்து

நிலைத்தன்மை அறிக்கை என்பது, ஒரு நிறுவனம் தன் தொழிலால் மண், நீர், காற்று, தொழிலாளர், அக்கம்பக்கத்து மக்கள் ஆகியோருக்கு ஏற்படும் விளைவுகளை ஆண்டுதோறும் எடுத்துரைக்கும் ஆவணம் ஆகும். எண்கள், அட்டவணைகள் ஆகியவற்றோடு புகைப்படங்கள், வரைபடங்கள், அட்டைப்பட ஓவியங்கள் ஆகியவையும் இதில் இடம்பெறும். சுரங்கம், அனல்மின், எண்ணெய், புகையிலை போன்று பொதுமக்களின் எதிர்ப்புக்கு உள்ளாகும் தொழில்களில் இந்தப் படங்களின் பங்கு தனியே ஆராயத் தக்கது. அறிக்கையைக் கையில் எடுப்பவர்களில் பலர் அட்டவணையைப் படிப்பதில்லை. படத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டுபவர் யாரும் இல்லை. கடலூர் மாவட்டம் நெய்வேலியில் இயங்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை இப்பொருளை ஆராய்கிறது.

பின்னணி

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி எனப்படும் லிக்னைட். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் ஒத்துழைப்புடன் முதல் அனல்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்நிலையம் 2020இல் மூடப்பட்டது. 2011இல் நவரத்னா தகுதி பெற்ற நிறுவனம், 2016இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று பெயர் மாறியது. நெய்வேலியில் உள்ள சுரங்கம் 1, சுரங்கம் 1அ, சுரங்கம் 2 ஆகியவற்றின் ஆண்டுத் திறன் முறையே 105 லட்சம், 30 லட்சம், 150 லட்சம் டன்.

இவை திறந்தவெளிச் சுரங்கங்கள். ஒரு டன் லிக்னைட்டை எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டும். லிக்னைட் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் மேலே பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்காமல் இருக்க, இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வெட்டுமுகம் வயலையும் ஊரையும் தின்றபடி முன்னேறுகிறது. பின்னால் அதே மண் கொட்டப்பட்டு மேடாகிறது. படங்களைப் பற்றிய பேச்சுக்கு இந்த நகர்வை நினைவில் வைப்பது அவசியம்.

இதே மாவட்டத்தில் உள்ள நெல்லிக்குப்பம், 19ஆம் நூற்றாண்டு முதல் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலைக்குப் பெயர் பெற்ற ஊர். சர்க்கரை ஆலைக்குத் தன் அறிக்கைக்குப் பச்சை தேட வேண்டிய தேவை இல்லை. கரும்பு வயலைப் படம் எடுத்தால் போதும். ஆலைக் கழிவு நீர் பற்றிய கேள்வி அந்தப் பச்சைக்குப் பின்னால் நிற்கும் என்பது வேறு. சுரங்கத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் மூலப்பொருள் பழுப்பு, வேலையிடம் பள்ளம், கழிவு சாம்பல். எனவே அது பச்சையை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மீட்கப்பட்ட நிலத்தின் படம்

நெய்வேலி நிறுவனத்தின் வெளியீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, வெட்டி முடித்த சுரங்கத்தின் மேல் உருவாக்கப்பட்ட பசுமையே. மண் நிரப்பிய மேட்டில் வளர்ந்த மரங்கள், பள்ளத்தில் தேங்கிய நீர்நிலை, அதில் படகு, கரையில் பறவைகள். இவை பொய்யான படங்கள் அல்ல. சுரங்கம் 1 பகுதியில் அமைந்த பூங்காவை யாரும் நேரில் போய்ப் பார்க்கலாம். கொட்டிய மண்ணில் நெல்லும் பிற பயிர்களும் விளைவிக்கும் சோதனைகளில் வேளாண் அறிவியலாளர் பல ஆண்டுகள் உழைத்துள்ளனர். சத்தற்ற அடிமண்ணை மீண்டும் வயலாக்குவது எளிய வேலை அன்று. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது நியாயம் ஆகாது.

குறை படத்தில் இல்லை. படம் எடுத்த இடத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உண்டு. வெட்டுவதற்கு முன் அங்கே வயலும் ஊரும் இருந்தன. வெட்டும்போது பள்ளம் இருந்தது. வெட்டிய பின் மரம் நடப்பட்டது. அறிக்கை மூன்றாவது கட்டத்தை மட்டும் காட்டும்போது, பார்ப்பவர் மனத்தில் அது முதல் கட்டமாகப் பதிந்துவிடுகிறது. வெறும் நிலத்தில் நிறுவனம் காடு வளர்த்தது போன்ற எண்ணம் உண்டாகிறது. உண்மையில் அங்கே முந்திரித் தோப்போ கரும்போ நெல்லோ இருந்தது, வீடுகள் இருந்தன. அந்தப் பழைய ஊரின் படம் பக்கத்தில் இருந்திருந்தால் மரங்களின் படம் வேறு பொருள் தந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெட்டிய நிலத்தை மீட்பது நிறுவனத்தின் தாராள மனம் அன்று, கடமை. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் அது அடங்கும். 2009இல் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட சுரங்க மூடல் வழிகாட்டுதல்கள், அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்கின்றன. வரி கட்டிய ரசீதை யாரும் நன்கொடைச் சான்றிதழ் போலச் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. மீட்கப்பட்ட நிலத்தின் படம் பெரும்பாலும் அப்படித்தான் மாட்டப்படுகிறது.

அந்தப் படத்தை முழுமையாக்க மிகச் சிறிய தகவல்கள் போதும்: எடுத்த இடம், எடுத்த தேதி, இதுவரை வெட்டிய பரப்பு எவ்வளவு, அதில் மீட்டது எவ்வளவு, நிலம் கொடுத்தவர்களுக்குத் திரும்பிச் சென்றது எவ்வளவு. கடைசிக் கேள்விதான் கடலூர் மாவட்டத்து உழவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது.

வட்ட வரைபடத்தின் கணக்கு

புகைப்படத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது வரைபடம். எண்ணைக் காட்டுவதால் அது புகைப்படத்தைவிட நேர்மையானது என்ற நம்பிக்கை பொதுவாக உண்டு. 1980களிலேயே எட்வர்ட் டஃப்டி இந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். வரைபடத்தில் தெரியும் வளர்ச்சிக்கும் உண்மை எண்ணில் உள்ள வளர்ச்சிக்கும் இடையிலான விகிதத்தை அவர் 'பொய்க் காரணி' என்றார். பிரிட்டனில் விவியன் பீட்டி, மைக்கேல் ஜோன்ஸ் ஆகியோர் 1990களில் ஆண்டறிக்கைகளை ஆராய்ந்து, லாபம் வந்த ஆண்டுகளில் வரைபடங்கள் அதிகம் தலைகாட்டுவதைச் சுட்டினர். பள்ளியில் பட்டை வரைபடம் வரையும் மாணவர் அச்சில் அளவுத்திட்டம் எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். பெரிய நிறுவனத்தின் வண்ண அறிக்கைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

நெய்வேலியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சூரிய மின்சாரம். நிறுவனம் நெய்வேலியிலும் தென்மாவட்டங்களிலும் பெரிய சோலார் நிலையங்களை அமைத்துள்ளது. பொதுத்துறை நிறுவனங்களுள் இத்துறையில் அது முன்னணியில் உள்ளது. கழுநீர்குளத்தில் 51 மெகாவாட் காற்றாலைகளும் உண்டு. 2022 வாக்கில் குழுமத்தின் மொத்த நிறுவுதிறன் 6,061 மெகாவாட். அதில் சூரியனும் காற்றும் சேர்ந்து 1,421 மெகாவாட். வட்ட வரைபடமாக வரைந்தால் ஏறக்குறைய கால் பங்கு பச்சை நிறம் பெறும். பார்க்க நிறைவாகவே இருக்கும்.

ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் இரவில் இல்லை. ஒரு மெகாவாட் சோலார் நிலையம் தமிழ்நாட்டு வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் யூனிட் தரும். அந்தக் கணக்கில் 1,421 மெகாவாட் தருவது சுமார் 230 கோடி யூனிட். எஞ்சிய 4,640 மெகாவாட் நிலக்கரி, லிக்னைட் நிலையங்கள் தம் முழுத் திறனில் அறுபத்தைந்து விழுக்காடு மட்டும் இயங்கினாலும் 2,600 கோடி யூனிட்டைத் தாண்டும். திறனில் கால் பங்காகத் தெரிந்த பச்சை, உண்மையில் பிறந்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைப் பொருளாகக் கொண்டு வட்டம் வரைந்தால் பச்சைக்கு இடமே இருக்காது. லிக்னைட்டில் ஈரம் மிகுதி, வெப்பம் குறைவு. அதை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது.

மூன்று வட்டங்களும் உண்மையானவை. எதை வரைவது என்ற தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒடிசாவின் தலபிராவில் இதே நிறுவனத்தின் 2,400 மெகாவாட் அனல்மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சோலார் தகடுகளின் படத்தைப் பார்க்கும் முதலீட்டாளர் இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிறுவனம் எத்திசையில் நடக்கிறது என்பது விளங்கும்.

மனிதர்களின் படங்கள்

இத்துறை அறிக்கைகளின் பாதுகாப்புப் பக்கத்தில் தலைக்கவசமும் ஒளிரும் மேலாடையும் அணிந்து புன்னகைக்கும் தொழிலாளி ஒருவர் ஏறத்தாழ எப்போதும் இருப்பார். சமூகப் பொறுப்புப் பக்கத்தில் மருத்துவ முகாம், தையல் இயந்திரம் வழங்கும் விழா, சீருடை அணிந்த குழந்தைகள். படத்தில் கொடுப்பவரின் பெயரும் பதவியும் இருக்கும். பெறுபவர் 'பயனாளி' ஆவார். இந்தச் சொல்லையும் கவனிக்க வேண்டும். நிலம் கொடுத்த ஊரின் மக்கள், படத்தில் வரும்போது பெறுபவராக மாறிவிடுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கணக்கு அங்கே தலைகீழாகிறது.

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் கொதிகலன் பகுதியில் வெடி விபத்துகள் நேர்ந்தன. இரண்டாவது விபத்தில் ஆறு பேர் அவ்விடத்திலேயே இறந்தனர். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்களில் மேலும் சிலர் அடுத்த நாட்களில் உயிரிழந்தனர். ஒப்பந்தத் தொழிலாளர் பலர் பாதிக்கப்பட்டனர். உயிரிழப்பு எண்ணிக்கையை அறிக்கையில் தர வேண்டும் என்று விதி உண்டு. அது அட்டவணையில் ஓர் எண்ணாக வரும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் புன்னகைக்கும் தொழிலாளி வரலாமா என்று எந்த விதியும் பேசுவதில்லை. இறந்தவரின் உடலையோ அழும் குடும்பத்தையோ அச்சிட வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் சிரிப்பை அச்சிடாமல் விடுவது கையில் இருக்கும் செயல்.

வளையமாதேவி, 2023

நெய்வேலியின் படங்களில் மிகப் பரவலாகப் பார்க்கப்பட்டது நிறுவனம் எடுத்தது அன்று. 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகப் பொக்லைன் இயந்திரங்கள் பச்சை நெல்வயலில் இறங்கின. காவல்துறைப் பாதுகாப்போடு வேலை நடந்தது. வளர்ந்து நின்ற பயிரை இரும்புக் கை வாரி எறியும் காட்சி அன்றே தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் தமிழ்நாடு முழுவதும் சென்றது. இரண்டு நாள் கழித்துப் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது.

நிறுவனத்துக்கும் ஒரு தரப்பு இருந்தது. அந்த நிலம் பத்தாண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது, கால்வாய் வெட்டாவிட்டால் மழைக்காலத்தில் சுரங்கம் மூழ்கும் என்பது அதன் வாதம். சட்டப்படி அதில் வலு இருந்தது. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது நீதிபதி எம். தண்டபாணி, பயிர் அழிக்கப்படும் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகக் குறிப்பிட்டார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே ஒரு விமர்சகர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வளையமாதேவிக் காட்சியும் தேர்ந்தெடுத்த காட்சிதான். நிலத்தின் பத்தாண்டுக் கதை அதில் இல்லை. ஆனால் அதற்கு இடமும் நாளும் உண்டு. எங்கே, எப்போது, யார் வயலில் என்று கேட்டால் பதில் கிடைக்கும். நீதிமன்றத்தில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யலாம். மேட்டில் வளர்ந்த மரத்தின் கீழே வெறுமனே 'பசுமை நெய்வேலி' என்று எழுதினால் அப்படி விசாரிக்க இடமில்லை. அடுத்த மாதமே பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டார நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் இருப்பதாக ஆய்வு வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பாதரசத்தைப் படம் எடுக்க முடியாது. தெளிந்த நீரும் பாதரசம் கலந்த நீரும் புகைப்படத்தில் ஒன்றுபோல்தான் தெரியும். ஏரியும் பறவையும் உள்ள அழகிய படம் நீரின் தரத்துக்குச் சான்றாக முடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பிற தொழில்களில்

எண்ணெய்த் தொழிலில் இது பழைய கதை. 2000இல் பிபி நிறுவனம் தன் கேடயச் சின்னத்தைக் கைவிட்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த சூரியப் பூவைச் சின்னமாக்கியது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, அந்தப் பூவின் மேல் எண்ணெய் வழியும் கேலிப்படங்கள் உலகெங்கும் வந்தன. அந்நிறுவனம் தன் நெருக்கடி மேலாண்மை அறையின் படத்தில் வெறுமையாக இருந்த திரைகளுக்குள் வேறு காட்சிகளை ஒட்டி வெளியிட்டதும் அப்போது பிடிபட்டது. ஷெல் நிறுவனம் ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து பூக்கள் மலர்ந்து வருவதுபோல் வரைந்த விளம்பரத்தை 2007இல் பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் தவறானது என்று தீர்த்தது. அதன் கழிவு வாயுவில் பூ வளர்க்கச் சென்றது மிகச் சிறு பகுதியே.

ஆஸ்திரேலிய நிறுவனங்களின் அறிக்கைகளை ஆராய்ந்து 2012இல் சூ ஹிராஸ்கி எழுதிய கட்டுரையின் முடிவு இங்கே பொருந்தும். நிலைத்தன்மையில் உண்மையான அக்கறை கொண்ட நிறுவனங்கள் வரைபடங்களை நம்புகின்றன. அக்கறை குறைந்தவை அடையாளமாக நிற்கும் புகைப்படங்களை நாடுகின்றன. முன் சொன்ன வட்ட வரைபடத்தை நினைத்தால் இந்த வேறுபாடும் முழுப் பாதுகாப்பு அன்று.

இந்தியாவில் இதற்குக் கூர்மையான ஒப்பீடு சிகரெட். 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் 85 விழுக்காடு பரப்பில் நோய் எச்சரிக்கைப் படம் கட்டாயம். பெட்டியின் மேல் என்ன படம் வர வேண்டும் என்பதை அரசு முடிவு செய்கிறது. அதே பெட்டியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையில் என்ன படம் வர வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்து ஒற்றைச் சிகரெட் வாங்குபவருக்குக் காட்டப்படும் உண்மை, கோடிக்கணக்கில் பங்கு வாங்குபவருக்குக் காட்டப்பட வேண்டியதில்லை.

விதிகள் சொல்வதும் விடுவதும்

பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2021 மே மாதம் புதிய அறிக்கை வடிவம் ஒன்றை அறிவித்தது. 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஒன்பது கொள்கைகளின் கீழ் கேள்வி பதிலாக அமைந்த அவ்வடிவத்தில் படத்துக்கு இடமில்லை. மறுகுடியமர்வு நடக்கும் திட்டங்கள் எவை, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, கொடுத்த தொகை எவ்வளவு என்று எட்டாவது கொள்கையின் கீழ் நேரடிக் கேள்வியே உண்டு. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஒரு கிராமத்துக்காரருக்கு அந்த முழு ஆவணத்திலும் மிக முக்கியமான வரி அதுதான். ஆண்டறிக்கையின் பின்பகுதியில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் வரியும் அதுதான். முன்பகுதியில் பளபளக்கும் தாளில் மரங்கள் இருக்கும்.

2023 முதல் பெரிய நிறுவனங்கள் முக்கிய எண்களுக்கு வெளியாரின் சரிபார்ப்பைப் பெற வேண்டும் என்று செபி படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. சரிபார்ப்பவர் எண்ணைப் பார்ப்பார், படத்தைப் பார்க்கமாட்டார். உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஜி.ஆர்.ஐ. தரநிலைகள் 'சமநிலை' என்பதை ஒரு கோட்பாடாக வைத்துள்ளன. நல்லதும் கெட்டதும் ஒருசேரச் சொல்லப்பட வேண்டும், படிப்பவரின் முடிவைத் தவறாகத் திருப்பும் வகையில் தகவலை அடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். படத்துக்கும் இது பொருந்தும் என்று வாதிடலாம். வாதிட்டு வென்ற வழக்கு எதுவும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதில்லை.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தவறான எண்ணம் தரும் சொல், சின்னம், படம் ஆகிய மூன்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்த அளவில் அது முன்னேற்றமே. ஆனால் ஏமாற்றும் தன்மை இல்லாத நிறங்களுக்கும் படங்களுக்கும், குறிப்பிட்ட பொருளையோ சேவையையோ சாராத நிறுவன இலட்சிய வாசகங்களுக்கும் விலக்கு உண்டு. மேலும் இது நுகர்வோருக்கானது. நெய்வேலி மின்சாரத்தைக் கடையில் யாரும் வாங்குவதில்லை. மாநில மின் வாரியங்கள் வாங்குகின்றன. விளம்பரத்தால் ஏமாந்த நுகர்வோர் என்று சொல்லிப் புகார் தர கம்மாபுரத்திலோ சேத்தியாத்தோப்பிலோ ஒருவரும் கிடைக்கமாட்டார். நிலம் இழந்தவர் நுகர்வோர் அல்லர்.

மேலிருந்து ஒரு படம்

செயற்கைக்கோள்கள் 1970களிலிருந்து நெய்வேலியைப் படம் எடுத்து வருகின்றன. 1980களின் நடுப்பகுதி தொடங்கி ஆண்டு வாரியான படங்களை இன்று யாரும் கைபேசியில் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். வெளிர்ந்த தழும்பு போன்ற சுரங்கம் ஆண்டுதோறும் தெற்கே நகர்வதும், அதன் முன்னால் வயல்களின் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைவதும், பின்னால் திட்டுத் திட்டாகப் பச்சை திரும்புவதும் அதில் ஒரே ஓட்டத்தில் தெரியும். நிறுவனம் நட்ட மரங்களுக்கு அது சாட்சி. இல்லாமற்போன ஊர்களுக்கும் அதுவே சாட்சி. இடமும் தேதியும் அளவுத்திட்டமும் அதிலேயே பதிந்துள்ளன. அத்தகைய படத்தை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடப் பெரும் செலவு எதுவும் ஆகாது. அச்சிட வேண்டும் என்று செபியின் வடிவமும் கேட்பதில்லை, நிலக்கரி அமைச்சகமும் கேட்பதில்லை.